எடி வான் ஹேலனிடம் அப்படி என்ன இருக்கிறது? முதல் ஆல்பம் கேட்டேன், கிட்டார் எங்கோ தூரத்தில் கேட்கிறது

கம்பி_ஆறு:
ஆறு மாதமாக எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரைக் கேட்டாலும் அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனைக் கேள் என்கிறார்கள். சரி என்று அவருடைய வான் ஹேலன் குழுவின் 1978-இல் வந்த முதல் ஆல்பத்தை திருச்சி பஸ்ஸில் போகும்போது இரண்டு நாள் கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிபடவில்லை. பாட்டும் ட்ரம்ஸும் நன்றாகக் கேட்கின்றன. கிட்டார் மட்டும் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் யாரோ வாசிப்பது போல இருக்கிறது. அதில் வரும் கிட்டார் சோலோ 'இரப்ஷன்' வேகமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு யூடியூபில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே அதை வாசிக்கிறார்கள். வலது கை விரலாலும் கம்பியைத் தட்டி வாசிக்கிற அந்த டேப்பிங்கும் அவர் கண்டுபிடித்தது இல்லையாமே? பிறகு ஏன் இத்தனை பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை.

தூத்துக்குடி_ராக்கர்:
டேப்பிங் அவர் கண்டுபிடித்தது இல்லை என்பது சரிதான். ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 70களின் தொடக்கத்திலேயே செய்திருக்கிறார். ஹார்வி மேண்டல் செய்திருக்கிறார். 1965-இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் விட்டோரியோ கமர்டேசே இரண்டு கையாலும் கம்பியைத் தட்டி வாசித்த பதிவு இப்போதும் கிடைக்கிறது. எடியே 'நான்தான் முதல் ஆள்' என்று அடித்துப் பேசியவர் இல்லை. லெட் செப்பலின் குழுவின் கச்சேரியில் ஜிம்மி பேஜ் ஒரு கையால் கம்பியைச் சுண்டிச் சுண்டி வாசித்ததைப் பார்த்ததும், வலது கை விரலையும் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை) வைத்தால் என்ன என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார்.

என் கருத்து: எடியை டேப்பிங்கால் அளப்பதே தப்பு. அவருடைய ரிதம் வாசிப்பைக் கேள். ஒரே கிட்டார், பக்கபலத்துக்கு இன்னொரு கிட்டார் இல்லை. தாளமும் இடையிடையே வரும் சின்னச் சின்ன ஓட்டங்களும் ஒரே கையில் போகும். 1981-இல் வந்த 'ஃபேர் வார்னிங்' கேட்டுவிட்டு வந்து பேசு.

கீபோர்ட்_மீரா:
டேப்பிங் முக்கியமில்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான் பியானோ சொல்லித்தருகிறவள், எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

அவர் பிறந்தது ஆம்ஸ்டர்டாமில், 1955 ஜனவரி 26. அப்பா யான் டச்சுக்காரர், கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். அம்மா யூஜினியா இந்தோனேசியாவில் ஜாவாத் தீவில் பிறந்த கலப்பினப் பெண். 1962-இல் குடும்பம் கப்பலேறி கலிஃபோர்னியாவில் பசடீனாவுக்கு வந்தது. கையில் சுமார் 50 டாலரும் ஒரு பியானோவும்தான் இருந்தன என்று எடி சொல்லியிருக்கிறார். அப்பா துப்புரவு வேலைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போனார்கள். அந்த நிலையிலும் இரண்டு பிள்ளைகளுக்கும் பியானோ வகுப்பு நிற்கவில்லை. பெயரையே பாருங்கள். எடியின் நடுப்பெயர் லோடவைக், பேத்தோவனின் பெயர்தான் அது. பின்னாளில் தன் மகனுக்கு எடி வைத்த பெயர் வோல்ஃப்காங், மோட்சார்ட்டின் பெயர்.

முக்கியமான விஷயம் இது: எடிக்கு நொட்டேஷன் படிக்க வராது. ஆசிரியரின் விரலைப் பார்த்து, காதால் வாங்கி, அப்படியே வாசிப்பார். அதை வைத்தே லாங் பீச்சில் நடந்த பியானோ போட்டிகளில் பரிசும் வாங்கினார்.

இப்போது 'இரப்ஷன்' கடைசிப் பகுதியைக் கேளுங்கள். அது கிட்டார் யோசிக்கிற விதமே இல்லை. கீபோர்டில் வலது கை ஒரு ஸ்வரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, இடது கை கீழே நகர்ந்து கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, மாற்றிக்கொண்டே போகும் அல்லவா? அதைத்தான் ஒரே கம்பியில் செய்கிறார். வலது கை விரல் தட்டுகிறது, அதை எடுக்கும்போது இடது கை வைத்திருக்கிற இரண்டு ஸ்வரங்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஆக மூன்று ஸ்வரம், ஒரு முழு கார்ட். இடது கையில் ஒரு விரல் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் கார்ட் மாறிவிடும். மற்றவர்கள் டேப்பிங்கை ஒரு விசேஷ அலங்காரமாக வைத்திருந்தார்கள். இவர் அதற்குள் ஹார்மனியைக் கொண்டுவந்தார். நடுவில் க்ரோய்ட்சரின் வயலின் பயிற்சி ஒன்றின் சாயல்கூட வந்து போகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்றால், வழி போட்ட பிறகு நடக்கிறார்கள். வழி போட்டவர் அவர்.

வால்வு_வைத்தியர்:
தம்பி கம்பி_ஆறு, ஒரு கேள்வி. கேட்டது இயர்போனிலா? அதில் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா?

கம்பி_ஆறு:
ஆமாம் அண்ணா, இயர்போன்தான். இடது பக்கம் இடையிடையே விட்டுவிட்டு வரும். இப்போது சுத்தமாக வருவதில்லை. வலது பக்கத்தில்தான் கேட்டேன். ஏன்?

வால்வு_வைத்தியர்:
நினைத்தேன். அந்த ஆல்பத்தில் எடியின் கிட்டார் கிட்டத்தட்ட முழுவதும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மனும் ஒலிப்பதிவாளர் டான் லாண்டியும் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஒரு கிட்டார்தானே, மேடையில் ஒரு பக்கம் ஆள் நிற்பது போல இடதுபுறம் நிறுத்திவிட்டார்கள். வலது பக்கத்தில் வருவது அந்தக் கிட்டாரின் ரிவெர்ப் மட்டும், அதாவது அறையில் மோதித் திரும்புகிற எதிரொலி. நீ இரண்டு நாளும் கேட்டது கிட்டாரை இல்லை தம்பி, கிட்டாரின் எதிரொலியை. பக்கத்துத் தெரு மண்டபம் என்று நீ எழுதியதை வைத்துத்தான் சந்தேகம் வந்தது.

நல்ல இயர்போன் ஒன்று வாங்கு. முதலில் இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு கேள். பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, கம்பியில் உரசுகிற சத்தம் வரைக்கும் கேட்கும்.

ஆம்ப் பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் வந்த விதம். எடியிடம் இருந்தது 100 வாட் மார்ஷல், வால்வு ஆம்ப். அந்த ரகத்தை முழு வால்யூமில் வைத்தால்தான் வால்வுகள் திணறி அந்த அடர்த்தியான ஒலியைத் தரும். ஆனால் 100 வாட்டை முழுதாகத் திறந்தால் சின்ன கிளப்பில் யாரும் உட்கார முடியாது. அவர் என்ன செய்தார் என்றால், நம் காலேஜ் லேபில் வோல்ட்டேஜை ஏற்றி இறக்க இருக்குமே வேரியாக், அதை ஆம்புக்கு முன்னால் போட்டு அமெரிக்காவின் 120 வோல்ட்டை 90 வோல்ட் பக்கமாக இறக்கினார். உள்ளே வால்வுக்குப் போகிற உயர் வோல்ட்டேஜ் குறையும், சீக்கிரமே திணற ஆரம்பிக்கும், சத்தமும் அடங்கும். ஒலி அதே அடர்த்தியோடு, இன்னும் கொஞ்சம் மெத்தென்று வரும். 'பிரவுன் சவுண்ட்' என்று உலகம் சொல்வதில் இது ஒரு பங்கு. அந்த வார்த்தையை எடி முதலில் தன் அண்ணன் அலெக்ஸின் ஸ்நேர் ட்ரம் ஒலிக்குத்தான் சொன்னார் என்பது வேறு கதை.

இதில் எனக்கு வருத்தமான பகுதி ஒன்று உண்டு. ஆரம்பப் பேட்டிகளில் அவர் உண்மையைச் சொல்லவில்லை. வோல்ட்டேஜை மேலே ஏற்றுவதாகச் சொன்னார். போட்டியாளர்களிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்ற அப்படிச் செய்திருக்கலாம். அதை நம்பி எத்தனையோ பேர் ஆம்பைப் புகைத்துக்கொண்டார்கள். என்னிடமே ஒரு பையன் கொண்டுவந்தான். பழைய பத்திரிகைப் பேட்டியை எங்கோ படித்துவிட்டு 230 வோல்ட் ஆம்பை வேரியாக்கில் 270-க்கு ஏற்றியிருக்கிறான். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளே பிசின் உருகி வழிந்திருந்தது. அவன் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த ஆம்ப். எடியின் மேல் எனக்கு உயிர், ஆனால் அந்தப் பேட்டிகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இறக்கினாலும் ஆபத்துதான். வால்வின் ஹீட்டருக்கும் வோல்ட்டேஜ் குறைந்து அதன் ஆயுள் போகும். வீட்டில் யாரும் இரண்டையும் செய்ய வேண்டாம்.

பழைய_கேசட்:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தலைமுறையில் பலருக்கு வான் ஹேலன் என்ற பெயர் தெரியாமலே அவர் வாசிப்பு தெரியும். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' கேசட் ஒன்றே ஒன்று அறை அறையாகச் சுற்றியது. 'பீட் இட்' நடுவில் வரும் சோலோவுக்காகப் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பின்னால் ஓட்டுவோம், டேப் ரெக்கார்டரின் ரீவைண்ட் பட்டன் தேய்ந்துபோயிருந்தது. வாசித்தது யார் என்று எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது.

1982-இல் அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் போன் செய்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று எடி நம்பவே இல்லையாம். போன பிறகு, பாட்டின் அந்தப் பகுதியில் தான் வாசிக்க ஏற்ற கார்டுகள் இல்லை என்று, மைக்கேல் ஜாக்சன் வருவதற்குள் ஒலிப்பதிவாளரைக் கொண்டு பாட்டையே வெட்டி அடுக்கு மாற்றினார். இரண்டு சோலோ வாசித்துக் கொடுத்தார். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். காசு ஒரு பைசா வாங்கவில்லை. தன் குழுவிடமும் சொல்லவில்லை. வெட்டிய டேப் மற்ற ட்ராக்குகளோடு ஒட்டாமல் போய், டோட்டோ குழுவின் ஸ்டீவ் லூகாதரும் ஜெஃப் போர்காரோவும் சோலோவை வைத்துக்கொண்டு மீதிப் பாட்டை அதைச் சுற்றித் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. அதாவது அந்தப் பாட்டு சோலோவின் மேல் கட்டப்பட்டது.

இன்னொரு விஷயம். 1984 ஜனவரியில் வான் ஹேலனின் '1984' ஆல்பம் வந்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தில் இருந்தது 'த்ரில்லர்'. தான் வாசித்துக் கொடுத்ததே தன்னை முந்தி நின்றது.

தூத்துக்குடி_ராக்கர்:
அந்த '1984'-இல்தான் எனக்குப் பிரச்சினை தொடங்குகிறது. 'ஜம்ப்' பெரிய ஹிட், ஐந்து வாரம் முதலிடம், எல்லாம் சரி. ஆனால் உலகத்தின் தலைசிறந்த கிட்டாரிஸ்ட் சின்தசைசருக்குப் போய்விட்டார். அப்புறம் 1985-இல் பாடகர் டேவிட் லீ ராத் போனார், சாமி ஹேகர் வந்தார், காதல் பாட்டுகள் வந்தன. அதற்குப் பிறகு கிட்டார் இரண்டாம் இடம்தான். பன்னிரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களில் முதல் ஆறையும்தான் நான் சொத்தாக நினைக்கிறேன்.

கீபோர்ட்_மீரா:
இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் சார். பியானோவில் தொடங்கியவர் கீபோர்டுக்குத் திரும்பினால் அது எப்படித் தடம் மாறுவது? 'ஜம்ப்' மெட்டை அவர் சில வருடம் முன்பே குழுவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். ராத்துக்குப் பிடிக்கவில்லை. கிட்டார் வீரர் கீபோர்டைத் தொட்டால் யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நினைத்தார்களாம். 1983-இல் எடி தன் வீட்டுத் தோட்டத்திலேயே 5150 என்ற ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டது இதற்குத்தான். தன் வீட்டில் தன் இஷ்டப்படி வாசிக்கலாம், ராத்திரி மூன்று மணிக்கும் வாசிக்கலாம்.

ஹேகரோடு வந்த நான்கு ஸ்டுடியோ ஆல்பங்களும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. ராத் காலத்தில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. விற்பனையை வைத்து இசையை எடைபோடச் சொல்லவில்லை. ஆனால் 1991-இல் 'பவுண்ட்கேக்' தொடக்கத்தில் மின்சாரத் துளைக்கருவியைக் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப்பிடம் கொண்டுபோய் அதன் மோட்டார் சத்தத்தையே இசையாக எடுத்தாரே, அந்த ஆள் கிட்டாரை விட்டுவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

வால்வு_வைத்தியர்:
துளைக்கருவி என்றதும் அவருடைய அந்தக் கிட்டார் நினைவுக்கு வருகிறது. 'ஃபிராங்கன்ஸ்ட்ராட்' என்று பெயர். இந்த ஆளைப் புரிந்துகொள்ள அதை ஒரு முறை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

அவருக்கு ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரின் வாமி பாரும் (ஸ்வரத்தை ஏற்றி இறக்க வளைக்கிற கம்பி) வேண்டும், கிப்சன் கிட்டாரின் தடித்த ஒலியும் வேண்டும். அப்படி ஒரு கிட்டார் கடையில் இல்லை. ஆகவே குறையுள்ள சரக்கு என்று ஒதுக்கிய ஒரு பாடியை 50 டாலருக்கும் ஒரு நெக்கை 80 டாலருக்கும் வாங்கினார். கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுற்றுப் பிக்கப், உட்காரவில்லை என்று மரத்தை உளியால் பெயர்த்தார். சத்தமாக வாசித்தால் பிக்கப் கீச்சென்று ஊளையிடும், உள்ளே செம்புக் கம்பிச்சுற்று அதிர்வதால் வருவது அது. பாரஃபின் மெழுகை டப்பாவில் உருக்கி பிக்கப்பை அதில் முக்கினார். மெழுகு இடுக்கெல்லாம் புகுந்து சுற்றை அசையாமல் பிடித்துக்கொள்ளும். சரியான சூடு பிடிபடும்வரை சில பிக்கப்புகள் உருகிப் பாழாயின. சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்ட், நடுநடுவே டேப் ஒட்டி உரித்த கோடுகள். மொத்தக் கட்டுப்பாடே ஒரு குமிழ்தான், அது வால்யூம், அதன் மேல் 'டோன்' என்று எழுதியிருக்கும். பின்னாளில் கம்பிகளைப் பூட்டுகிற ஃபிலாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) போட்டபோது, அது பின்பக்கம் சாய்ந்துவிடாமல் மட்டமாக உட்கார, அடியில் 1971-ஆம் ஆண்டுக் கால் டாலர் காசு ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கினார். 2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ராக் இசைக் கருவிகளைக் காட்சிக்கு வைத்தபோது இதுவும் இருந்தது.

இன்றைக்கு நீ கடையில் வாங்குகிற கிட்டார்களில் பாதி இதன் பிள்ளைகள்தான் தம்பி. ஸ்ட்ராட் உருவம், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், பூட்டுகிற வாமி பார்.

1987-இல் அமெரிக்க அரசின் காப்புரிமைகூட ஒன்று வாங்கினார். கிட்டாரின் முதுகில் ஒரு தகடு. அதை மடக்கி நிமிர்த்தினால் கிட்டார் மேசை போல வயிற்றுக்கு நேரே படுத்து நிற்கும். இரண்டு கையும் மேலிருந்து வாசிக்கலாம். மீரா அக்கா சொன்ன கீபோர்ட் யோசனை அங்கேயும் இருக்கிறது, பாருங்கள்.

பழைய_கேசட்:
நல்லதை மட்டும் எழுதினால் இந்த மனிதரின் வாழ்க்கை முழுதாகாது. மேடைப் பயம் தெளியப் பன்னிரண்டு வயதிலேயே அப்பா கையால் மதுவும் சிகரெட்டும் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மீள 2008 வரை ஆனது. 2007-இல் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவர் சிகிச்சையில் இருந்தார். மேடைக்கு வந்தவர்கள் ஹேகரும் பாஸ் கிட்டார் மைக்கேல் அந்தோணியும் மட்டும்.

அந்த அந்தோணியை அதற்கு முந்தின வருடம் குழுவிலிருந்து விலக்கிவிட்டு, பதினைந்து வயது மகன் வோல்ஃப்காங்கை பாஸ் வாசிக்க நிறுத்தினார். பையன் திறமைசாலிதான். ஆனால் முப்பது வருடம் கூட நின்றவரை, அந்தக் குழுவின் கோரஸ் குரலே அவர் குரல்தான், அப்படி அனுப்பியது எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

நாக்கில் புற்றுநோய் 2000-இல் வந்தது. உலோகப் பிக்கை எப்போதும் வாயில் கவ்விக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று அவர் நம்பினார். 2020 அக்டோபர் 6 அன்று 65 வயதில் இறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லை. 1982-இல் வந்த 'டைவர் டவுன்' ஆல்பத்தில் 'பிக் பேட் பில்' என்று ஒரு பழைய ஜாஸ் பாட்டு இருக்கிறது. அதில் கிளாரினெட் வாசிப்பது அப்பா யான். விபத்தில் இடது கை விரல் ஒன்றை இழந்து, வாசிப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார். மகன்கள் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து உட்காரவைத்தார்கள். எடி அதில் அடங்கி, பின்னால் தாளத்துக்கு கார்ட் மட்டும் போடுகிறார். கிளாரினெட் கொஞ்சம் தயங்கும், பிறகு ஓடும். அப்பா பக்கம் வெளிச்சம் விழட்டும் என்று பிள்ளை தள்ளி நிற்பது காதில் கேட்கிறது.

தூத்துக்குடி_ராக்கர்:
பழைய_கேசட் அண்ணா, அந்தப் பாட்டை நான் இத்தனை வருடம் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்று ராத்திரி கேட்கிறேன்.

பெருந்தன்மை பற்றி ஒன்று நானும் சொல்கிறேன். பான்டெரா குழுவின் டைம்பேக் டாரெல் 2004-இல் மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எடியின் இரண்டாம் ஆல்பத்தின் அட்டையில் இருக்கிற கறுப்பு மஞ்சள் கிட்டார் என்றால் டாரெலுக்கு உயிர். அதே போல ஒன்று அவருக்குக் கொடுப்பதாக எடி சொல்லியிருந்தார். இறுதிச் சடங்குக்கு எடி நகலைக் கொண்டுபோகவில்லை. அந்த அசல் கிட்டாரையே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மீரா அக்கா, சின்தசைசர் விஷயத்தில் நீங்கள் சொன்னதைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஹேகர் விஷயத்தில் இல்லை.

கம்பி_ஆறு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஜங்ஷன் பக்கத்தில் 350 ரூபாய்க்குப் புது இயர்போன் வாங்கினேன். அண்ணா சொன்னபடி இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன்.

கிட்டார் காதுக்குள் இருக்கிறது! 'எய்ன்ட் டாக்கிங் பவுட் லவ்' தொடங்கும்போது பிக் கம்பியில் படுகிற ஒவ்வொரு அடியும், உள்ளங்கையை பிரிட்ஜில் வைத்து அமுக்குவதும் தனித்தனியாகக் கேட்கிறது. இவ்வளவு நாள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றே புரியவில்லை. பிறகு வலது பக்கத்தையும் வைத்தேன். பழைய மண்டபம் பின்னால் திறந்துகொண்டது.

அதை வாசித்துப் பார்க்கலாம் என்று கிட்டாரை எடுத்தேன். ரெக்கார்டோடு சேரவே இல்லை. ட்யூனர் வைத்துப் பார்த்தால் அவர்கள் ஆறு கம்பியையும் அரைக்கட்டை இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். நானும் இறக்கினேன். கம்பி தளர்ந்ததும் கையே வேறு மாதிரி ஆகிறது. அந்தத் தொடக்க மெட்டு நான்கு அடிதான், சுலபம் என்று நினைத்தேன். ஸ்வரம் வந்துவிட்டது, ஆட்டம் வரவில்லை. ட்ரம்ஸுக்கு ஒரு மயிரிழை பின்னாலேயே உட்கார்ந்து போகிறார், நான் முந்தி ஓடிவிடுகிறேன். மெட்ரோனோம் 60-இல் வைத்து நேற்று இரவு ஒரு மணி நேரம் அதை மட்டும் வாசித்தேன்.

ராக்கர் அண்ணா, 'ஃபேர் வார்னிங்' இன்று இரவு. பஸ்ஸில் இல்லை, வீட்டில், இரண்டு காதிலும்.

வால்வு_வைத்தியர்:
அதில் முதல் பாட்டு 'மீன் ஸ்ட்ரீட்'. ஆரம்பத்தில் கம்பியைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் பாஸ் கிட்டார் போல அறைந்து வாசிப்பார். 60-இல் கூட வராது, 40-இல் தொடங்கு. கம்பியை இறக்கிய பிறகு நெக் லேசாகப் பின்னால் வளைந்திருக்கும், கீழ் ஃப்ரெட்டுகளில் கம்பி இரைந்தால் நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கிற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்து. அதற்கு மேல் நீயே திருகாதே, யாராவது தெரிந்தவரிடம் கொண்டுபோ.